திருவாரூர்த் தேரும் தாராபுரம் பஸ்ஸும்: விபத்து நஷ்டஈட்டின் கதை



திருவாரூர்த் தேர்க் கதை தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இளவரசன் தேரில் போகிறான். கன்றுக்குட்டி ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் மாட்டிச் சாகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். நாலாம் வகுப்புப் பாடத்திலேயே படித்துவிட்டோம்.

ஆனால் எனக்கு இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. அந்தப் பசுவுக்கு என்ன கிடைத்தது?

நியாயம் கிடைத்தது என்பீர்கள். சரி. ஆனால் கன்று போன பிறகு அதன் பிழைப்பு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் சிவபெருமான் தோன்றி, கன்று, இளவரசன், மந்திரி எல்லோரையும் உயிர்ப்பித்ததாகப் பெரியபுராணம் முடிகிறது. அதனால் அந்தக் கேள்விக்கே அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. நம் ஊர் ரோட்டில் அந்தக் கடைசிக் காட்சி வருவதில்லை!

இடித்தவனுக்குத் தண்டனை ஒரு விஷயம். இழந்தவருக்கு ஈடு இன்னொரு விஷயம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க உலகத்துக்கு எவ்வளவு காலம் ஆனது, நம் தமிழ்நாட்டு பஸ் வழக்குகள் அதில் என்ன செய்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் சட்டம் படிப்பவன் அல்ல. பி.காம். மாணவன். இதை ஏன் தேடிப் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா சொன்ன வார்த்தை

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கிராமம். அங்கேதான் என் அத்தை (அப்பாவின் தங்கை) இருந்தாள். மாமாவுக்கு வயல் வேலை. அத்தை பீடி சுற்றுவாள். அந்தப் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காராத பெண்களை எண்ணிவிடலாம்.

போன ஆடி மாதம், சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு ரோட்டின் ஓரமாக நடந்து வந்தவளைப் பின்னால் வந்த ஒரு கார் இடித்துவிட்டது. பாபநாசம் போகிற ரோடு. கார் நின்றது, ஆளும் ஓடவில்லை. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அத்தை போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, "நஷ்டஈடு கேஸ் போடணும் மாமா" என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அவ உசுருக்கு நான் வெல பேசணுமா மருமவனே? அந்தத் துட்டுல அரிசி வாங்குனா தொண்டைக்குள்ள எறங்குமா? அந்த டிரைவர உள்ள போடட்டும், அது போதும்."

எனக்குப் பதில் தெரியவில்லை. மகள் பிளஸ் டூ, மகன் காலேஜ் முதல் வருஷம். வீட்டு வாடகை இல்லை, மற்றபடி எல்லாமே அத்தையின் கையில்தான் ஓடியது. பதில் தேடித்தான் நான் பழைய தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே எங்கள் மாமாவைப் போலவே ஒருவர், இருநூறு வருஷத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்தார்.

1808: மனைவியை இழந்த ஒரு கடைக்காரர்

இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டியின் மேல்தட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்து போனார்கள். வண்டி கவிழ்ந்தது. கணவனுக்குக் காயம். மனைவி சுமார் ஒரு மாதம் கிடந்து இறந்தார். கணவன் சாராயக்கடை வைத்திருந்தவர். கடையை நடத்துவதில் மனைவி தனக்குப் பெரிய உதவி என்று கோர்ட்டில் சொன்னார்.

நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. கணவனுக்குப் பட்ட அடிக்கும், மனைவி உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கும் 100 பவுண்டு. அவர் இறந்த பிறகு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒரு மனிதரின் சாவை சிவில் கோர்ட்டில் நஷ்டமாகக் காட்டிக் கேட்க முடியாது என்பது அன்றைய சட்டம். இதுதான் பேக்கர் – போல்டன் வழக்கு.

இதன் விளைவைக் கவனியுங்கள். காலை உடைத்தால் பணம் கொடுக்க வேண்டும். உயிரையே எடுத்துவிட்டால் கொடுக்க வேண்டாம்! உயிர் விலைமதிப்பற்றது என்ற பெரிய பேச்சு கடைசியில் வண்டிக்காரனுக்குத்தான் லாபமாக முடிந்தது. மாமா சொன்னதும் அதே பேச்சுதானே என்று எனக்குத் தோன்றியது.

ரயில் கொண்டுவந்த சட்டம்

இங்கிலாந்தில் இன்னொரு பழைய வழக்கமும் இருந்தது. ஆளைக் கொன்ற பொருளை, வண்டியோ குதிரையோ, அரசு பறிமுதல் செய்யலாம். அல்லது அதன் மதிப்பை அபராதமாக வாங்கலாம். நம் திருவாரூர்த் தேரைப் பறிமுதல் செய்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வந்ததும் சிக்கல் வந்தது. ஒவ்வொரு சாவுக்கும் ரயில் எஞ்சின் மேல் அபராதம் போட்டால் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1846-ல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். அதே வருஷம் வேறொரு சட்டமும் கொண்டுவந்தார்கள். அடுத்தவரின் தவறால் ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பம் ஈடு கேட்கலாம் என்றது அது. பறிமுதல் பணம் அரசுக்குப் போனது. இந்தப் பணம் குடும்பத்துக்குப் போனது. பெரிய மாற்றம்!

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ஓடியது. இரண்டே வருஷத்தில், 1855-ல், இங்கிலாந்துச் சட்டத்தின் பிரதியாக இந்தியாவுக்கும் ஓர் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்துவிட்டது. இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் கேட்கலாம்.

பிறகு மோட்டார் வந்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் தென் தமிழ்நாட்டில் பஸ் தொழிலுக்கு வழிகாட்டியது. ஊருக்கு ஊர் பஸ் கம்பெனிகள் முளைத்தன. விபத்துகளும் கூடவே வந்தன.

தாராபுரம் – பழனி பஸ்

1947 செப்டம்பர் 20. சுதந்திரம் வந்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்த நேரம். தாராபுரத்தில் ஒருவர் பழனிக்குப் போக பஸ் ஏறினார். பஸ் விபத்துக்குள்ளானது. மூன்று நாளில் அவர் இறந்தார். (அத்தைக்கும் மூன்று நாள்தான்.)

அவருடைய அப்பாவும் மனைவியும் பிள்ளைகளும் கோபால்ட் மோட்டார் சர்வீஸ் என்ற அந்த பஸ் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 1855-ம் வருஷச் சட்டத்தின் கீழ் சாதாரண சிவில் வழக்கு. கீழ்க்கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடந்து 1961-ல் முடிந்தது. ஏறத்தாழ பதினாலு வருஷம்! விபத்து நடந்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை தீர்ப்பு வரும்போது கல்யாண வயதில் இருந்திருக்கும்.

ஆனால் அந்தத் தீர்ப்பில்தான் மாமாவுக்கான பதிலை நான் கண்டேன். நீதிபதி சுப்பா ராவ் எழுதியது. இரண்டு கணக்குகளை அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று, அவரை நம்பியிருந்தவர்களுக்கு ஏற்பட்ட பண நஷ்டம். இரண்டு, இறந்தவரின் சொத்துக்கு ஏற்பட்ட நஷ்டம், அதாவது அவரே உயிரோடு இருந்து வழக்குப் போட்டால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அது. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது, ஒரே தொகையை இரண்டு தடவை கொடுக்கவும் கூடாது.

முதல் கணக்கை எப்படிப் போடுவது? அவர் இருந்திருந்தால் குடும்பத்துக்கு வந்திருக்கக் கூடியது ஒரு பக்கம். அவர் இறந்ததால் குடும்பத்துக்கு ஏதாவது வரவு இருந்தால் அது மறுபக்கம். இரண்டையும் தட்டில் வைத்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும்.

பி.காம். படிப்பவர்களுக்கு இது பற்று, வரவு. நான் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: இந்தக் கணக்கில் உயிருக்கு விலை என்று ஒரு வரியே கிடையாது. போனவருக்கு யாரும் விலை போடவில்லை. இருப்பவர்களுக்கு என்ன நின்றுபோனது என்றுதான் கேட்கிறார்கள்.

ஜெயித்தால் மட்டும் போதுமா?

தீர்ப்பு வாங்கினாலும் பணம் கொடுக்க எதிராளியிடம் காசு வேண்டுமே! இங்கிலாந்து 1930-ல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயம் ஆக்கியது. இந்தியாவின் 1939-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது உண்டு. ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தது.

நாம் வருஷா வருஷம் வண்டிக்குக் கட்டுகிற தேர்ட் பார்ட்டி பிரீமியம் நம் வண்டிக்கோ நமக்கோ அல்ல. நம் வண்டியால் அடிபடுகிற முன்பின் தெரியாத ஒருவருக்கானது. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அரசு பஸ் ஜப்தி என்று செய்தி படிக்கிறோமே, அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் தனியாக நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸிலிருந்து விலக்கு பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படி விலக்குப் பெற்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, கழகமேதான் பணம் கட்ட வேண்டும். கட்டத் தாமதமானால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸையே பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்.

அடுத்து, பதினாலு வருஷ இழுவை. 1956 திருத்தம் இதற்காகவே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. சாதாரண சிவில் வழக்கு வேண்டாம், ஒரு மனு போதும். நம் கோர்ட் வளாகங்களில் வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. கேஸ் என்று சொல்வது இந்த மனுவைத்தான்.

"கடவுள் செயல்"

இன்னொரு தமிழ்நாட்டு பஸ். என்.கே.வி. பிரதர்ஸ் என்ற கம்பெனியுடையது. இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த அந்த பஸ் தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை! நடந்தது கடவுள் செயலாம்.

டிரைவரே விடுதலை ஆகிவிட்டார், நாங்கள் ஏன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980 மார்ச்சில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தள்ளுபடி செய்தார். பாலக்காட்டில் பிறந்தவர், கேரளத்தில் மந்திரியாக இருந்தவர். கிரிமினல் வழக்கில் குற்றத்தை நிரூபிக்கத் தேவைப்படும் உறுதி வேறு, நஷ்டஈட்டுக்குத் தேவைப்படும் உறுதி வேறு என்றார். எங்கோ ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது என்பதற்காக வண்டிக்காரர்கள் தப்பித்துவிடக் கூடாது, அப்பாவிகள் கஷ்டப்படக் கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தார்.

தண்டனையும் ஈடும் வேறு வேறு என்று முதலில் சொன்னேன் அல்லவா? அதை நாட்டுக்கே சட்டமாகச் சொன்னது இந்த பஸ் வழக்குதான். டிரைவரை உள்ளே போட்டால் போதும் என்று விட்டுவிட்டு, நாளைக்கு டிரைவர் வெளியே வந்துவிட்டால்? இரண்டும் கை நழுவிப் போகும்.

தப்பை நிரூபிக்காமலே

யார் மேல் தப்பு என்று நிரூபிப்பதே ஏழைக்குப் பெரும்பாடு. சாட்சி சொல்ல யார் வருவார்கள்? நியூசிலாந்து 1974-ல் துணிந்து ஒரு காரியம் செய்தது. விபத்தில் காயம்பட்டால், தப்பு யார் மேல் என்று பார்க்காமலே ஈடு கொடுக்கும் பொதுத் திட்டம்.

இந்தியா அந்த அளவுக்குப் போகவில்லை. 1982-ல் முதல் அடி வைத்தது. தப்பை நிரூபிக்காமலே சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1988-ம் வருஷச் சட்டத்தில் 25,000, 12,000. 1994-ல் 50,000, 25,000. 2019 திருத்தத்தின் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 அன்று அமலானபோது சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அதற்கென்று தனித் திட்டம் உண்டு. அதில் அதே தேதி முதல் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

ஆனால் தப்பு எதிராளி மேல் என்று காட்ட முடிந்தால் இந்த நிலையான தொகையோடு நின்றுவிட வேண்டியதில்லை. உண்மையான நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் கேட்கலாம். அந்தக் கணக்குக்கு வருவோம்.

பாராளுமன்றம் போட்ட தப்புக் கணக்கு

1994-ல் சட்டத்தோடு ஒரு அட்டவணை சேர்த்தார்கள். வயதையும் வருமானத்தையும் பார்த்தால் தொகை வந்துவிடும், ரெடி ரெக்கனர் மாதிரி. நல்ல யோசனைதான். ஆனால் அந்த அட்டவணையிலேயே கணக்குத் தப்பு! 1996-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 15 வயதுக்குப் பெருக்கும் எண் 15, வருட வருமானம் 3,000 என்றால் 45,000 வர வேண்டும். அட்டவணையில் 60,000. அடுத்த வரியில் 16-ஐ 9,000 ஆல் பெருக்கினால் 1,44,000. அட்டவணையில் 1,71,000. எங்கள் வகுப்பில் இப்படி டேபிள் போட்டுக் கொடுத்தால் சார் பேப்பரைத் திருப்பி எறிவார் :)

குழப்பத்தை ஓரளவு தீர்த்தவை இரண்டு தீர்ப்புகள். 2009-ல் சரளா வர்மா வழக்கு, 2017-ல் ஐந்து நீதிபதிகள் சொன்ன பிரணய் சேத்தி வழக்கு. இப்போது இந்தியா முழுக்க இந்த முறைதான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

இறந்தவர் வயது 44. சொந்தத் தொழில். மாத வருமானம் 10,000. நம்பியிருந்தவர்கள் 3 பேர்.

1. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும் (40 முதல் 50 வயதுக்கு). 12,500.
2. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மாதம் 8,333 சொச்சம், வருஷத்துக்கு 1,00,000.
3. 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. ஆக 14,00,000.

இதோடு ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு என்று சில தொகைகள் சேரும்.

இப்போது மாத வருமானம் 10,000 அல்ல, 6,000 என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். 8,40,000தான் வரும். மாதத்தில் 4,000 ரூபாயை நிரூபிக்க முடியாததால் 5,60,000 ரூபாய் போய்விடுகிறது. சண்டை எல்லாம் இந்த முதல் வரியில்தான்.

"வீட்டுல சும்மாதான் இருந்தா"

ஒருவழியாக மாமா வக்கீலைப் பார்க்கச் சம்மதித்தார். பிசான நடவு முடிந்த பிறகுதான். பாளையங்கோட்டைக்கு நானும் கூடப் போனேன். வக்கீல் கேட்டார்: "ஒங்க வீட்டம்மா என்ன வேல பாத்தாங்க அண்ணாச்சி?"

மாமா சொன்னார்: "வேலன்னு ஒண்ணுமில்ல சார். வீட்டுல சும்மாதான் இருந்தா. பீடி சுத்துவா."

காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, மாட்டுக்குத் தீவனம் வைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ராத்திரி டிவி பார்க்கும்போதும் கை நிற்காமல் பீடி சுற்றியவள். மாமா மனசறிந்து சொன்னதல்ல. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். சட்டமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1994 அட்டவணைப்படி வருமானம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மனைவி என்றால், சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு!

இது மெதுவாகத்தான் மாறியது. 1989-ல் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை விழாவில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் குடும்பத் தலைவிகளின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2009-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டு வேலையை முறையாக மதிப்பிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று ஒரு விபத்து வழக்கில் எழுதினார். (எழுத்தாளர் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே.) 2010-ல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதை எடுத்துக்காட்டி, மூன்றில் ஒரு பங்கு முறையைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் நீதிபதி ரமணா இன்னும் விளக்கமாக எழுதினார். 2019-ல் அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதையும் அந்தத் தீர்ப்பில் காட்டினார்.

1808-ல் அந்தக் கடைக்காரர், "என் மனைவி கடையை நடத்த உதவினாள்" என்று சொன்னதற்குக் கோர்ட் காது கொடுக்கவில்லை. இருநூறு வருஷம் கழித்துக் கோர்ட் கேட்கத் தயாராக இருக்கிறது. இப்போது சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நாமே "சும்மா இருந்தா" என்று சொன்னால் அந்த 299 நிமிடமும் பூஜ்யம்.

வக்கீல் அண்ணாச்சி நல்லவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பீடிப் பாஸ்புக் இருக்கா?" என்று கேட்டார்.

ஆறு மாதம்

இன்னொன்றும் கேட்டார்: "விபத்து நடந்து எத்தன மாசமாச்சு?"

பழைய 1939 சட்டத்திலேயே காலக்கெடு உண்டு. 1988 சட்டத்தில் ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் ஒரு வருஷம் வரை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதனால் நிறைய இழந்தார்கள். 1994 நவம்பரில் கெடுவை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஊரில் பெரியவர்கள் எல்லாம் "நஷ்டஈடு கேஸ் எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு திரும்ப வந்துவிட்டது! 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் முடியும்வரை காலம் கடந்தது என்று மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். தவிர, வட்டியை மனுப் போட்ட தேதிக்கு முன்னால் இருந்து கேட்க முடியாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

தெரிந்தவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அல்லது காயச் சான்றிதழ், ஆஸ்பத்திரி பில், வாரிசு சான்றிதழ், இடித்த வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம், வருமானத்துக்கு ஏதாவது ஒரு தாள். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். மைனர் பிள்ளையின் பங்கை வங்கியில் போட்டுவைக்க கோர்ட் உத்தரவிடும். அது பணத்தை யாரும் ஏமாற்றி வாங்கிவிடாமல் இருக்கத்தான், பயப்பட வேண்டாம்.

பாஸ்புக்

அன்று பஸ்ஸில் திரும்பும்போது தாராபுரம் வழக்கை மாமாவுக்குச் சொன்னேன். உயிருக்கு விலை என்று அதில் ஒரு வரியும் இல்லை, அத்தை இந்த வீட்டுக்கு என்னென்ன செய்தாள் என்று எழுதிக் கொடுப்பதுதான் மனு என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சுத்தமல்லி தாண்டி வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "மருமவனே, மஞ்சப் பையில நாலு பாஸ்புக் வச்சிருக்கா. எல்லாம் வருஷ வாரியா அடுக்கி வச்சிருக்கா. நான் இத்தன நாளா பாத்ததே இல்ல."

அத்தனை வருஷமும் எந்த நாளில் எத்தனை பீடி, எவ்வளவு கூலி, எல்லாம் அதில் இருந்தது. மார்கழியில், ஐந்தாம் மாதம், மனுப் போட்டாயிற்று. வழக்கு நடக்கிறது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதெல்லாம் இனிமேல்தான்.

மனுவில் "இறந்தவரின் தொழில்" என்று ஒரு இடம் இருந்தது. வக்கீல் கேட்டபோது மாமாவே சொன்னார்: "பீடித் தொழிலாளி, குடும்பத் தலைவின்னு போடுங்க சார். ரெண்டையும் போடுங்க."